முன்விறாந்தைக்கு எந்தக் கல்? வாசகர் கேள்விகளும் கட்டடக்கலைஞரின் பதில்களும்

கேள்வி: கல்லடியில், கடற்கரைப் பக்கமாக வீடு கட்டிக்கொண்டிருக்கின்றோம். கிழக்கு நோக்கிய முன்விறாந்தை 18 அடி நீளமும் 9 அடி அகலமும் உடையது. தட்டையான கொங்கிரீட் கூரையுடன் இக்காலத் தோற்றத்தில் அது அமைய வேண்டும் என்பது பிள்ளைகளின் விருப்பம். தரைக்குப் பளபளப்பான கறுப்புக் கிரனைட் பதிப்பதா, கடப்பாக் கல் பதிப்பதா என்று முடிவெடுக்க முடியவில்லை. மேசனார் கிரனைட்டே திறம் என்கின்றார்.
– வாசகி, கல்லடி

பதில்: சகோதரி, தாங்கள் கல்லைப் பற்றிக் கேட்டிருக்கின்றீர்கள், நான் முதலில் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கின்றது. நமது மட்டக்களப்பு மாவட்டத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரையான மாரியிலேயே, அதுவும் வடகிழக்கிலிருந்து காற்றோடு சாய்ந்து பெய்கின்றது. கிழக்கு நோக்கிய விறாந்தை அந்த மழையை நேருக்கு நேர் வாங்கும். கூரை 10 அடி உயரத்தில் இருக்குமானால், 45 பாகை சாய்வில் அடிக்கும் மழை 10 அடி உள்ளே வரும். தங்கள் விறாந்தையின் அகலமோ 9 அடி. ஆகவே மழை பலமாக அடிக்கும் நாளில் வாசற்கதவு வரை ஈரமாகும் என்று வைத்துக்கொண்டுதான் தரையைத் திட்டமிட வேண்டும். கூரையின் முன்விளிம்பை 8 அடிக்கு இறக்கி, தூண்களுக்கு வெளியே 3 அடி நீட்டினால், அதே மழை 5 அடிக்கு மேல் உள்ளே வராது. உயரமான போர்ட்டிக்கோவே நவீனம் என்ற எண்ணம் கொழும்பு வீடுகளின் படங்களைப் பார்த்து நமக்கு வந்தது. தாழ்ந்து நீண்ட விளிம்பும் மெல்லிய தூண்களும் அதே அளவு நவீனமானவை. இந்தக் கடற்கரைக்குப் பொருத்தமானவையும் அவையே.

நீட்டப்பட்ட கூரைவிளிம்பின் அடிப்பக்கத்தில், ஓரத்திலிருந்து ஓரிரு அங்குலம் உள்ளே, அரை அங்குல ஆழத்தில் ஒரு காடி, அதாவது நீளப் பள்ளக் கோடு, எடுக்கும்படி மேசனாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அது இல்லாவிட்டால் நீர் கொங்கிரீட்டின் அடிவழியே ஊர்ந்து வந்து சுவரில் கறுப்புக் கோடுகளாக இறங்கும். கொங்கிரீட்டை விட்டு ஓட்டுக்கூரைக்கு மாறுவதானால், நீண்ட தாழ்வாரத்தைக் காற்று கீழிருந்து தூக்கும் என்பதை மறக்க வேண்டாம். 1978 நவம்பர் 23ஆம் திகதிப் புயல் இந்தப் பக்கத்துக் கூரைகளை என்ன செய்தது என்பதை வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மரங்களை வெறும் ஆணியால் இணைக்காமல், வளைகளை இரும்புப் பட்டியாலும் போல்ட்டாலும் விளிம்பு உத்திரத்தோடு பிணைப்பது அவசியம்.

இனிக் கல். பளபளப்பான கிரனைட் உறுதியானது என்பதில் மேசனாரோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஈரமான பளபளப்பு வழுக்கும். படிகளில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வருவது நம் வழக்கம். ஈரக்காலோடு வரும் முதியவருக்கு அந்தத் தரை ஆபத்தானது. கறுப்பு நிறத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. கிழக்கு வெயில் காலை முழுவதும் படுவதால், பத்து மணிக்குள் வெளிவிளிம்பில் கால் வைக்க முடியாதபடி சுடும்.

கடப்பாக் கல் இந்தியாவின் ஆந்திரப் பகுதியிலிருந்து வரும் சுண்ணாம்புக் கல் வகை. விலை குறைவு, அடக்கமான அழகும் உண்டு. எனினும் சுண்ணாம்புக் கல் எதுவாயினும் புளிப்பை, அதாவது அமிலத்தை, தாங்காது. புது வாகனம் வாங்கியதும் போர்ட்டிக்கோவில் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசிப்பீர்கள் அல்லவா? அந்தச் சாறு பட்ட இடம் மங்கிப்போய்விடும். எவ்வளவு கழுவினாலும் அந்த மங்கல் மறையாது. பதித்த பின்னர் சீமெந்துக் கறையை நீக்க மேசன்மார் சிலர் அசிட் ஊற்றுவதும் இதே தீங்கைப் பெரிய அளவில் செய்வதாகும். மாபிளுக்கும் இதுவே பொருந்தும்.

எனது பரிந்துரை இதுதான்: சாம்பல் நிறக் கிரனைட், அல்லது கிழக்கு மாகாணத்தின் அடிநிலப் பாறையான நைசு வகைக் கருங்கல், மேற்பரப்பைத் தீயால் சுட்டோ உளியால் கொத்தியோ சொரசொரப்பாக்கியது. தடிப்பு 20 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. வாகனம் ஏறும் இடமானால் 30 மில்லிமீற்றர் வேண்டும். கற்களைப் பெரிய நீள்சதுரங்களாக, ஒரே அகலத்தில், நீளம் மட்டும் மாறி மாறி வரும்படி வெட்டிப் பதித்தால், எந்த அலங்காரமும் இல்லாமலேயே பிள்ளைகள் விரும்பும் புதுமைத் தோற்றம் கிடைத்துவிடும். பூ வடிவம், நட்சத்திர வடிவம், மூன்று நிறக் கோடு முதலியவற்றைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஐந்தாண்டுகளில் அவை தங்களுக்கே சலித்துவிடும்.

கல்லுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கல்லின் அடிக்கு மாற்றுமாறும் கேட்டுக்கொள்கின்றேன். கல்லடி மணல் நிலம். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலிருப்பதால் நிலத்தடி நீர் ஆழமில்லை, உவர்ப்பும் கலந்திருக்கக்கூடும். மணலை நனைத்து இறுக்கி, அதன்மேல் தடித்த பொலித்தீன் விரித்து, 4 அங்குலக் கொங்கிரீட் இட்ட பின்னரே கல் வர வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து வெளிவிளிம்பை நோக்கி 9 அடிக்கு ஏறத்தாழ ஒன்றரை அங்குல வாட்டம் அந்தக் கொங்கிரீட்டிலேயே கொடுக்கப்பட வேண்டும். பதிக்கும்போது சாந்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம் என்று விட்டுவிடக் கூடாது. விறாந்தைத் தரை வீட்டின் உட்தரையிலிருந்து ஓர் அங்குலமேனும் தாழ்ந்திருக்கட்டும்.

பதிக்கும் நாளில் தாங்களே அருகில் நின்று ஒன்றைக் கவனியுங்கள். சாந்தைக் கல்லின் நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டையாக வைத்து அழுத்தும் பழக்கம் பலரிடம் உண்டு. வேலை விரைவாக முடியும். ஆனால் உருண்டைகளுக்கு இடையே வெற்றிடம் தங்கி, அங்கே நீர் தேங்கி, பாரம் ஏறும்போது மூலை உடையும். ஒரு பங்கு சீமெந்துக்கு நான்கு பங்கு ஆற்று மணல் கலந்த சாந்தை முழுப் படுக்கையாக விரித்து, கல்லின் அடியிலும் சீமெந்துப் பால் பூசி, மரச் சுத்தியலால் தட்டிப் பதிக்க வேண்டும். மறுநாள் ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலிக்கும் கல்லை எடுத்து மீண்டும் பதிக்கச் சொல்லுங்கள். சுவரோரமாக ஒரு சிறு இடைவெளி விட்டு அதை நெகிழும் பசையால் நிரப்பினால், வெயிலில் கல் விரியும்போது நெருக்குண்டு கிளம்பாது.

கேள்வி: திருக்கோவிலில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தைக்குக் கல் பதித்து ஓராண்டாகின்றது. கற்களின் இடைவெளிகளில் வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருக்கின்றது. கழுவினால் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வருகின்றது. மேலே வார்னிஷ் போன்ற ஒரு பூச்சைப் பூசினால் நிற்கும் என்கின்றார்கள். பூசலாமா?
– வாசகர், திருக்கோவில்

பதில்: பூச வேண்டாம். பூப்பது உப்பு. நீர் உப்பைக் கரைத்து மேலே கொண்டுவருகின்றது. நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்குகின்றது. தாங்கள் கழுவும்போது அதில் ஒரு பகுதியை மீண்டும் கல்லுக்குள்ளேயே அனுப்பிவிடுகின்றீர்கள். மேற்பரப்பை மூடும் பூச்சு இட்டால் உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகித் தோலைப் போலக் கல்லை உரிக்கத் தொடங்கும்.

புதுச் சீமெந்திலிருந்து வரும் பூப்பு சில மாதங்களில் தானாகவே குறைந்துவிடும். ஓராண்டாகியும் நிற்கவில்லையெனில், சாந்துக்குக் கடல் மணல் கழுவாமல் போடப்பட்டிருக்கலாம், அல்லது தரைக்கு அடியில் ஓயாமல் ஈரம் இருக்கலாம். முதலில் ஈரத்தைத் தேடுங்கள். விறாந்தையை ஒட்டிப் பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகின்றீர்களா, முற்றத்து மண் தரைமட்டத்துக்கு உயர்ந்திருக்கின்றதா, பீலி ஒழுகுகின்றதா, சுவருக்குள் குழாய் கசிகின்றதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். விறாந்தையைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு மண்ணை அகற்றி, தரைமட்டத்துக்கு அரையடி கீழே வரை சல்லிக்கல் நிரப்புங்கள். உப்பைக் காய்ந்த நிலையில் தும்புத் தூரிகையால் தேய்த்து அள்ளி அப்புறப்படுத்துங்கள். ஒரு மாரியும், கச்சான் காற்று வீசும் ஒரு வறண்ட காலமும் கடந்த பின்னரும் அதே அளவில் பூத்தால், ஒரு கல்லைக் கிளப்பி அடிச்சாந்தை வாயில் வைத்துப் பாருங்கள். கரித்தால் முழுவதையும் எடுத்துப் புதிதாகப் பதிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கேள்வி: ஆரையம்பதியில் எங்கள் அப்பா காலத்து வீட்டில் சிவப்புச் சாயமிட்ட சீமெந்துத் தரை உள்ளது. வெளிநாட்டிலிருக்கும் மகன் விறாந்தைக்கு மட்டும் அதன்மேல் கல் பதிக்கப் பணம் அனுப்புகின்றார். பழைய தரையை உடைக்காமல் பதிக்கலாமா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: தரை வெடிக்காமலும் தாழாமலும் இருந்தால், அதைக் கொத்திச் சொரசொரப்பாக்கி மேலே பதிக்க முடியும். ஆனால் கல்லும் சாந்தும் சேர்ந்து தரையை ஏறத்தாழ 2 அங்குலம் உயர்த்தும். அப்போது விறாந்தை உட்தரையைவிட உயர்ந்து மழைநீரை வீட்டுக்குள் அனுப்பலாம். கடைசிப் படி மட்டும் மற்றப் படிகளைவிட உயர்ந்து கால் தடுக்கும். மேலும், நன்றாக மினுக்கிய பழைய சிவப்புத் தரையைப் போல் கறையையும் காலத்தையும் தாங்கும் தரையை இன்று செய்துதரக்கூடிய கைகள் குறைந்துவிட்டன. அதை மூடுவதற்கு எனக்கு மனமில்லை. மழை படும் வெளிவிளிம்பில் ஓரடி அகலத்துக்குச் சீமெந்தை வெட்டியெடுத்து, அந்தப் பட்டைக்கும் படிகளுக்கும் மட்டும் சொரசொரப்பான சாம்பல் கல்லைப் பழைய தரைமட்டத்துக்கே பதியுங்கள். மீதிப் பணத்தில் பீலியை மாற்றலாம்.