மழை இல்லாமலே வயலில் ஏறிய தண்ணீர்

கேள்வி: பர்மாவில் பெகு டவுனுக்குத் தெற்கே ஐந்து ஏக்கர் வைத்திருக்கிறேன். நெல் முற்றிவிட்டது, அறுத்ததும் உளுந்து போட வேண்டும். போன வாரம் எங்கள் ஊரில் இரண்டு நாளாகத் தூறல்கூட இல்லை. மூன்றாம் நாள் விடியும்போது வயலில் முழங்கால் தண்ணீர்! வரப்பை ஒரு முழம் உயர்த்தலாமா ஐயா?

பதில்: மண்வெட்டியைக் கொஞ்சம் கீழே வையுங்கள் தம்பி. அது பெகு யோமா மலையில் பெய்த மழை, உங்கள் ஊருக்கு வந்து சேர நாளாகியிருக்கிறது. யோமாவை ஒரு ஓட்டுக் கூரையாக நினைத்துக்கொள்ளுங்கள். முகட்டுக்குக் கிழக்கே விழுவது சிட்டாங் ஆற்றுக்கு, மேற்கே விழுவது லைங் ஆற்றுக்கு. தெற்கே இறங்குவதுதான் உங்கள் பெகு ஆறு. அந்தக் கூரையின் தாழ்வாரத்தில் நாற்று நட்டிருக்கிறீர்கள். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். மலையில் எத்தனை ஆயிரம் ஏக்கர் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். தேக்குக் காடு அடர்ந்த சரிவில் சருகும் வேரும் பிடித்து வைத்து மெல்ல விடும். மொட்டைச் சரிவில் அத்தனையும் ஒரே மூச்சில் இறங்கிவிடும். 2023 அக்டோபரில் பெகு டவுனே மூழ்கியது மறந்திருக்காது.

வந்த தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாக இருந்ததா? அப்படியானால் மலைத் தண்ணீர்தான். பௌர்ணமி, அமாவாசை ஒட்டி வந்ததா என்றும் பாருங்கள். அந்த நாட்களில் கடல் ஏற்றம் ஆற்றை எதிர்த்துத் தள்ளும், வடிகால் வாய் அடைத்துக்கொள்ளும்.

வரப்பை உயர்த்தினால் வந்த தண்ணீர் உள்ளேயே தங்கும். நானும் ஒரு வருஷம் அப்படிக் கட்டி, பக்கத்து வயல்காரர் உளுந்து விதைத்து முடித்த பிறகும் சேற்றில் நின்றேன். பள்ளமான மூலையில் தண்ணீர் வெளியேற வரப்பில் வாய்மடை வெட்டுங்கள். அப்புறம் வாய்க்கால் போகும் வழியே நடந்து, ரோட்டுக்கும் ரயில் பாதைக்கும் அடியிலுள்ள மதகுகளைப் பாருங்கள். ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தால் கீழ்வயல்காரர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், தனியாளாக இழுக்க முடியாது.

அறுத்ததும் விதைக்க அவசரப்படாதீர்கள். மண்ணை ஒரு பிடி எடுத்து அமுக்குங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் இன்னும் பொறுங்கள். உருண்டை பிடித்து, தட்டினால் உதிர்ந்தால் விதைக்கலாம். உளுந்து வேருக்குக் காற்று வேண்டும், நீர் நின்றால் இலை மஞ்சளாகிவிடும். பத்தடிக்கு ஒரு சால் கீறி, அதை வாய்மடை வரை கொண்டுபோய் விடுங்கள்.