காலாப்பட்டில் படிக்கப் போகிறேன், பாண்டியில் நல்ல ஓட்டல், பார் எது?

"பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. மாணவர்கள் போகிற மாதிரி உங்களுக்குப் பிடித்த ஓட்டலும் பாரும் சொல்லுங்கள்" என்பது கேள்வி. இதற்கு ஒயிட் டவுனில் நாலு கஃபே பெயரைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது சனி ஞாயிறு சுற்றிப் பார்க்க வருகிறவருக்கான பதில். நீங்கள் விடுதியில் தங்கப் போகிறவர், மாதக் கடைசியில் கை கடிக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பணம் பிரச்சினை இல்லை என்பவர்களுக்கு இந்தப் பதில் தேவைப்படாது.

முதலில் ஊர் அமைப்பு. பல்கலைக்கழகம் டவுனில் இல்லை. 10 கி.மீ.க்கு மேல் வடக்கே, ஈ.சி.ஆரில், காலாப்பட்டில் இருக்கிறது. நடுவில் வரும் கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். பிள்ளைச்சாவடி வந்ததும் மறுபடி புதுச்சேரி. சாப்பாட்டுக்கு இந்த எல்லையால் ஒன்றும் ஆகாது. பாருக்கு இதுதான் எல்லாமே. அதைக் கீழே சொல்கிறேன்.

பிரியாணிக்கு டவுன் வரை போகவே வேண்டாம், கோட்டக்குப்பத்தில் இறங்குங்கள். கடைப் பெயர் சொன்னால் விளம்பரம் என்பார்கள், தவிர கடைகள் கைமாறுகின்றன, மாஸ்டர்கள் மாறுகிறார்கள். எதைப் பார்த்து உட்காருவது என்று தெரிந்தால் போதும். தம் உடைத்த அரை மணிக்குள் போய்விட வேண்டும், அதாவது பகல் பன்னிரண்டரை ஒரு மணி வாக்கில். அப்போது சோறு உதிரியாக, ஆவியோடு இருக்கும். ரெண்டரைக்குப் போனால் தேக்சாவைத் திறந்து திறந்து மூடியதில் ஆவி முழுக்கப் போய், சோறு விறைத்து, மசாலாவெல்லாம் அடியில் இறங்கியிருக்கும். பரிமாறுகிறவர் கையையும் கவனியுங்கள். ஓரத்திலிருந்து கரண்டியை அடிவரை இறக்கி எடுத்தால் வெள்ளைச் சோறு, மசாலாச் சோறு, கறி மூன்றும் ஒன்றாக வரும். மேலாக வாரிப் போட்டு, கறியைத் தனிப் பாத்திரத்திலிருந்து எடுத்து வைத்தால் அது பிரியாணி இல்லை, குஸ்காவும் கறியும். தாளிச்சா கேளுங்கள். அது தண்ணீராக ஓடினால் அந்தக் கடையில் மற்றதும் அப்படித்தான்.

மீன் சாப்பாடு பற்றி நிறையப் பேர் தவறாகச் சொல்கிறார்கள். பாண்டிக்குப் போனால் வஞ்சிரம் என்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் தட்டில் வரும் வஞ்சிரம் பெரும்பாலும் ஐஸ் மீன் அல்லது மேற்குக் கரையிலிருந்து லாரியில் வந்தது. விலை மட்டும் இரட்டிப்பு. அப்போது நாட்டுப் படகில் கிடைக்கும் நெத்திலி, மத்தி, காரப்பொடி என்ன இருக்கிறது என்று கேளுங்கள். விலையும் குறைவு, அன்றைய மீனாகவும் இருக்கும். வறுவலை விரலால் அழுத்திப் பாருங்கள். முள்ளை விட்டு இதழ் இதழாகப் பிரிந்தால் நல்ல மீன். மாவு மாதிரி குழைந்தால் ஐஸில் பல நாள் கிடந்தது. மேலே மசாலா கருகி உள்ளே தண்ணீர் விட்டால், ஐஸ் முழுக்க இறங்காமல் எண்ணெயில் போட்டிருக்கிறார்கள். சிவப்புப் பொடி தூக்கலாக இருக்கும் கடையைத் தவிர்த்துவிடுங்கள், எதையோ மறைக்கத்தான் அது.

டிபனுக்கு டவுனில் ரெண்டே பெயர் சொல்கிறேன். நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ், மிஷன் வீதி சற்குரு. முன்னதில் காலையில் காபியும் ஆம்லெட்டும், அவசரப்படாத மேசையும். பின்னதில் சைவச் சாப்பாடு, தோசை. வீட்டிலிருந்து அப்பா அம்மா பார்க்க வந்தால் யோசிக்காமல் சற்குருவுக்கு அழைத்துப் போங்கள்.

இனி பார். குடிக்கச் சொல்கிறாயா என்று கேட்பவர்கள் வருவார்கள். சொல்லவில்லை. கேட்டிருக்கிறார், தெரியாமல் மாட்டிக்கொள்வதைவிடத் தெரிந்திருப்பது நல்லது. புதுச்சேரியில் மது வாங்க, குடிக்க வயது 18. தமிழ்நாட்டில் 21. டவுனில் ஒரு பாட்டில் வாங்கி வண்டியில் காலாப்பட்டுக்குக் கொண்டு போனால், முத்தியால்பேட்டை தாண்டியதும் நீங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள். 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் அங்கே உங்களுக்கும் பொருந்தும். பிடித்தால் பாட்டிலோடு போகாது, வண்டியையும் பறிமுதல் செய்வார்கள். புதுச்சேரியில் வாங்கிப் புதுச்சேரிக்குத்தான் போகிறேன் என்ற விளக்கத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். வண்டி நண்பனுடையது என்றால் அவனும் சேர்ந்து அலைவான்.

டவுனில் சில்லறை மதுக்கடையை ஒட்டியே இருக்கும் பார் ஒன்று, ரெஸ்டாரண்டோடு சேர்ந்த பார் இன்னொன்று. முதலாவது மலிவு, ஆனால் நின்று நிதானமாகச் சாப்பிடும் இடமில்லை. பெண்கள் உடன் வந்தால் ரெண்டாவதுதான், அதிலும் சமையலறை ஓடுகிற நேரமாகப் பார்த்துப் போங்கள். ஒரிஜினல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். சின்ன பெக் 30 மில்லி, பெரியது 60. மேசைக்கு வந்து, உங்கள் கண்ணெதிரே அளந்து ஊற்றச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். பில்லை வரி வரியாகப் படியுங்கள். சாதாரண ரெஸ்டாரண்டில் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5%. மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதற்கு வாட் வரி தனி. மொத்தத் தொகைக்கும் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, எடுக்கச் சொல்லலாம். காந்தி ஜெயந்தி அன்று எல்லாம் மூடியிருக்கும். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. ரெண்டும் சேர்ந்தும் வரலாம். ஈ.சி.ஆரில் ராத்திரி வரும் லாரிக்கும் சொகுசு பஸ்ஸுக்கும் இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. போகும்போதே பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பாரில் காசு அதிகம் என்று பாட்டிலோடு கடற்கரைக்குப் போய், காலியானதைப் பாறையில் அடித்து உடைக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதே மணலில் விடியற்காலையில் கரைவலை இழுக்கிறார்கள், எல்லோரும் வெறுங்காலோடு. குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னாலேயே நடந்து இழுக்கும்போது கண்ணாடித் துண்டு ஏறினால், அந்த ஆள் எத்தனை நாள் கடலுக்குப் போக முடியாது என்று யோசித்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் அந்தப் புண் சீக்கிரம் ஆறாது. இதை மாணவர்கள் செய்வதில்லை என்று யாரும் எனக்கு விளக்க வேண்டாம். யார் செய்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒயிட் டவுனை நான் மட்டம் தட்டவில்லை. பீச் ரோடு லே கஃபேயில் நீங்கள் கொடுக்கும் காசு பாதி காபிக்கு, பாதி கடலுக்கு. காலை ஆறு ஆறரைக்குப் போனால் கொடுத்த காசுக்குக் கடல் கிடைக்கும், சாயங்காலம் கூட்டத்தின் முதுகுதான் தெரியும். சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம்.

பிரெஞ்சு ரொட்டி வேண்டுமென்றால் அதற்காக டவுனுக்குப் போகாமல், பெரிய முதலியார்சாவடியில் திரும்பி குயிலாப்பாளையம் ஆரோவில் பேக்கரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நீள ரொட்டியை அழுத்தினால் மேல்தோல் மொறுமொறுவென்று சத்தம் கேட்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டித் தந்தால் வாங்காமல் காகிதத்தில் கேளுங்கள். பிளாஸ்டிக்கில் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் தோலில் ஏறி, மத்தியானத்துக்குள் ரப்பராகிவிடும். நம் கடல் காற்றில் காகிதத்திலும் சாயங்காலம் தாங்காது. நமத்துப்போனால் மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து, சூடான தோசைக்கல்லில் பக்கத்துக்கு ரெண்டு நிமிடம் மூடி போடாமல் வையுங்கள். மறுபடி மொறுமொறுப்பாகும், ஒரு தடவைதான். அதை உடனே சாப்பிட்டுவிட வேண்டும்.