வகுப்பறையில் ஆங்கிலம், வார்டில் ரஷ்ய மொழி

கேள்வி: என் மகள் நீட் தேர்வில் தகுதி பெற்றும் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கவில்லை. ரஷ்யாவில் ஆறாண்டு மருத்துவப் படிப்பு முழுவதும் ஆங்கிலத்திலேயே நடக்கும், ரஷ்ய மொழியே தேவைப்படாது என்று ஏஜென்ட் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: பாதியைத்தான் நம்பலாம். உடற்கூறியல், உடலியங்கியல் போன்ற தொடக்கக்காலப் பாடங்களை ஆங்கிலத்தில் படித்துவிட முடியும். மூன்றாம் ஆண்டு வாக்கில் மருத்துவமனைப் பயிற்சி தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. ஏனெனில், கட்டிலில் படுத்திருக்கும் ரஷ்யப் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது.

நெஞ்சுவலியோடு வந்திருக்கும் ஒருவரிடம் உங்கள் மகள் விவரம் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் 'தாவித்' என்றால் அழுத்துகிறது என்று பொருள். 'கோலெத்' என்றால் சுருக்கென்று குத்துகிறது. அழுத்தும் வலி என்றால் மருத்துவருக்கு முதலில் இதயத்தின் மீது சந்தேகம் வரவேண்டும். குத்தும் வலி என்றால் மூச்சை இழுக்கும்போது கூடுகிறதா என்று கேட்கத் தோன்றவேண்டும். பக்கத்தில் நிற்கும் தோழி இரண்டையும் 'பெயின்' என்று மொழிபெயர்த்துச் சொன்னால், அன்றைய பாடம் அங்கேயே தொலைந்துபோகிறது. சோவியத் காலத்தில் மாஸ்கோவின் லுமும்பா பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குச் சென்ற நம்மவர்கள் முதலில் ஓராண்டு ரஷ்ய மொழியைப் படித்துவிட்டு, பிறகு அம்மொழியிலேயே மருத்துவம் பயின்றார்கள். அந்த ஓராண்டை வீண் என்று இன்றைய விளம்பரங்கள் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

ஆனால், ரஷ்ய மொழியிலேயே படித்துவிடலாம் என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளின்படி, பயிற்றுமொழி ஆங்கிலமாக இருக்கவேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதங்களும், அதே நிறுவனத்தில் பயிற்சி மருத்துவராக 12 மாதங்களும் அமையவேண்டும். படித்த நாட்டில் மருத்துவம் பார்க்கும் தகுதியையும் அந்தப் பட்டம் தரவேண்டும். முதல் மூன்றாண்டு ஆங்கிலம், பிறகு ரஷ்யம் என்று நடத்தும் இருமொழிப் படிப்புகள் இங்குதான் சிக்கலாகின்றன. திரும்பி வந்த பிறகு எழுதவேண்டிய, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்வும் ஆங்கிலத்தில்தான், 300 வினாக்களில் 150க்குச் சரியாக விடையளித்தால் தேர்ச்சி. அதன்பின் இங்கும் ஓராண்டு பயிற்சி உண்டு.

ஆகவே, பாடம் ஆங்கிலத்திலும் நோயாளியோடு பேச்சு ரஷ்ய மொழியிலும் என்ற இரட்டைச் சுமைக்கு உங்கள் மகள் ஆயத்தமாக இருக்கவேண்டும். முதலாண்டு ரஷ்ய மொழி வகுப்பை, வெறுமனே பாஸ் செய்தால் போதும் என்று விட்டுவிடாமல், உடற்கூறியலுக்கு நிகராகக் கருதிப் படிப்பது நல்லது.

முன்பணம் கட்டுவதற்கு முன், ஆறாண்டுக்கும் பயிற்றுமொழி எது என்பதைப் பல்கலைக்கழகத்திடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்டின் கடிதத்துக்கு மதிப்பில்லை. அங்கு படிக்கும் மாணவர்களிடமும் விசாரியுங்கள். ஏஜென்ட் அறிமுகப்படுத்தும் முதலாண்டு மாணவரை விட்டுவிட்டு, ஐந்தாம் ஆண்டில் இருக்கும் ஒருவரைத் தேடிப்பிடித்து, நோயாளியின் விவரக் குறிப்பை அவர் எந்த மொழியில் எழுதுகிறார், கேள்விகளை அவரே கேட்கிறாரா அல்லது வேறொருவர் கேட்டுச் சொல்கிறாரா என்று கேளுங்கள்.