ராஸ்பெரிக்கு ஓட்டுப் போடுமுன்

கேள்வி: மகளுக்கு ஸ்ட்ரோபெரிதான் உசத்தி. மகன் ராஸ்பெரி என்று அடம்பிடிக்கிறான். எனக்கோ ஸ்ட்ரோபெரி என்றாலே புளிப்பு. எது நல்ல பழம்? நீங்கள் யார் பக்கம்?
– வாசகி ஒருவர், நானுஓயா

பதில்: உங்கள் மகன் சாப்பிட்டது ராஸ்பெரியா, ராஸ்பெரி என்று பெயர் எழுதிய ஐஸ்கிரீமா? முதலில் அதைக் கேளுங்கள் சகோதரி. நம் ஊரில் அந்தப் பெயர் பெரும்பாலும் ஒரு நிறத்துக்கும் வாசனைக்கும்தான். நிறத்துக்கு ஓட்டுப் போடுகிறவரோடு பழத்தைப் பற்றி என்ன வாதாட?

உங்கள் புளிப்புக்கு வருவோம். ஸ்ட்ரோபெரி வாழைப்பழமோ மாம்பழமோ போல வீட்டுக்கு வந்து பழுக்காது. பறித்த பிறகு சிவப்பு கொஞ்சம் கூடும், இனிப்புக் கூடாது. கொழும்புக்குப் போகும்வரை நசுங்காமல் இருக்கட்டும் என்று முக்கால் சிவப்பில் பறித்தால், வாங்குபவருக்கு முக்கால் பழம்தான் கிடைக்கும். பெட்டியை வாங்குமுன் பச்சைத் தொப்பியை விரலால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். அதற்குக் கீழே தோள்பட்டை வெள்ளையாக இருந்தால் வேண்டாம். அடிவரை சிவந்து, மூக்கருகே கொண்டுபோகுமுன்னே வாசனை வரவேண்டும். பெரிய பழம்தான் நல்லது என்பது வீண் நம்பிக்கை. தொடர்ந்து மழை பெய்த வாரத்துப் பழத்தில் தண்ணீர்தான் கூட இருக்கும், சாம்பல் பூஞ்சணமும் சேர்ந்து வரும். பகலில் வெயிலும் இரவில் குளிருமாக இருந்த வாரத்தில் வாங்கிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கழுவி வைப்பது அடுத்த தவறு. ஈரம் பட்டால் ஒரே இரவில் பூஞ்சணம் பிடிக்கும். கழுவாமல், தொப்பியோடு, தாள் விரித்த தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி பிரிஜ்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். தொப்பியைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் அந்த ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே போகும். எனவே கழுவிய பிறகே கிள்ளுங்கள்.

இனி ராஸ்பெரி. மணத்தில் அதுவே ஒருபடி மேல் என்பது என் கணக்கு. 100 கிராமில் நார்ச்சத்து ஆறரை கிராம், ஸ்ட்ரோபெரியில் இரண்டுதான். விற்றமின் சீயில் மகள் வெல்வார்: ஸ்ட்ரோபெரியில் ஏறக்குறைய 59 மில்லிகிராம், ராஸ்பெரியில் 26. சீனி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. ராஸ்பெரியில் அமிலம் தூக்கலாக இருப்பதால் நாக்கு அதைப் புளிப்பு என்கிறது. ஆனால் பறிக்கும்போது அதன் நடுத்தண்டு செடியிலேயே தங்கிவிடும். கைக்கு வருவது உள்ளே வெற்றுக்குழி உள்ள ஒரு தொப்பி, சின்னச் சின்ன மணிகள் ஒட்டிய வளையம். பிரிஜ்ஜில் இரண்டு நாள் தாக்குப்பிடித்தால் பெரிய விஷயம். நம் பாதைகளில் லொறியில் ஏற்றினால் இறங்கும்போது சாறுதான் இருக்கும். கொழும்பு சுப்பர் மார்க்கட்டில் அது உறைந்த பொதியாக இருப்பது அதனால்தான்.

நட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். பழைய வகைகள் பூக்க 7 பாகைக்குக் கீழே 800 மணி நேரத்துக்கும் மேல் குளிர் வேண்டும். நுவரெலியாவில் தை மாசியில் சில இரவுகளில் உறைபனி விழுந்தாலும் காலை பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். கணக்கு நிரம்பாது, இலை மட்டும் செழிக்கும். முதலாண்டுத் தண்டிலேயே காய்க்கும் ஹெரிட்டேஜ் போன்ற வகைகளுக்கு அவ்வளவு குளிர் வேண்டாம். ஆனால் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், மேட்டுப் பாத்தி கட்டாயம்.

ஸ்ட்ரோபெரிக்கு ஒரு சாடி போதும். நாற்றின் குருத்து, அதாவது இலைகள் கிளம்பும் தடித்த அடிப்பகுதி, மண்மட்டத்தில் சரியாக நிற்கவேண்டும். புதைத்தால் அழுகும், தூக்கி நட்டால் காயும். ஓடுகொடிகளைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் காய்க்க வேண்டிய சத்தெல்லாம் பிள்ளைக்கன்றுக்குப் போய்விடும். பழம் கோணலாக வந்தால் உரத்தைக் குறை சொல்லாதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் விதை போன்ற ஒவ்வொன்றும் தனிக்காய். மகரந்தம் சேராத காயின் அடியில் சதை பருக்காது. பொலித்தீன் கூடாரத்துக்குள் தேனீ வராவிட்டால் மென்தூரிகையால் பூவைத் தடவிவிடலாம்.

ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் என்ற பழச்சத்து ஸ்ட்ரோபெரியில் போதாது. ஒரு கிலோ பழத்துக்கு 750 கிராம் சீனி, இரண்டு தேசிக்காய்ச் சாறு. சீனியில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் வாயகன்ற சட்டியில் கொதிக்க வையுங்கள். புத்தகங்கள் 104, 105 பாகை வரை காய்ச்சச் சொல்லும். அது கடற்கரைக் கணக்கு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் தண்ணீரே 94 பாகையில் கொதித்துவிடும். இங்கே 98, 99 வந்தால் இறக்குங்கள். புத்தகத்தை நம்பி 105 வரை நின்றால் கறுத்து, கரண்டியைப் பிடித்துக்கொள்ளும் பாகுதான் மிஞ்சும். ஹட்டனில் இருப்பவர்கள் வெப்பமானியைக் கொதிநீரில் வைத்து, காட்டும் அளவோடு நாலரை கூட்டிக்கொள்ளலாம். வெப்பமானி இல்லையா? குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டு ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள், துளியின் மேல்தோல் சுருங்கினால் பதம். ராஸ்பெரிக்கு இந்தத் தொல்லை குறைவு. உறைந்ததை உருக விடாமல் அப்படியே சட்டியில் போட்டு, சம எடை சீனி சேர்த்தால் தானே கெட்டியாகும். விதை பல்லில் மாட்டினால் வடித்துவிடுங்கள்.

ஆக, இந்த மலையில் என் ஓட்டு மகளுக்கு, அதுவும் தொப்பிவரை சிவந்த பழத்துக்கு மட்டும். மகனை வருந்த விடவேண்டாம். காட்டோர முட்புதர்களில் மஞ்சளாகவும் கறுஞ்சிவப்பாகவும் மணிமணியாகக் காய்ப்பவற்றில் சில ராஸ்பெரியின் நெருங்கிய உறவுகள். செடியைத் தெரிந்த பெரியவர் ஒருவரோடு போய்ப் பறிக்கச் சொல்லுங்கள். நடுவில் குழி இருக்கும். களைகொல்லி அடித்த தேயிலை ஓரத்தில் மட்டும் கை வைக்கக்கூடாது.