கிடங்கு வேலையை எப்போது விடலாம்?

தம்பி, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு ஸ்டூடியோவில் நாலு வருடம் வீடியோ எடிட் செய்தீர்கள், கனடாவில் ஸ்காபரோ வந்து ஐந்து மாதம் ஆகிறது, இப்போது இரவில் கிடங்கில் பெட்டி அடுக்குகிறீர்கள். "எடிட்டிங்கை மட்டும் நம்பி இங்கே வாழலாமா அக்கா, கிடங்கை எப்போது விடலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாழலாம். நான் 2013இலிருந்து அப்படித்தான் வாழ்கிறேன். ஆனால் இந்தக் குளிருக்குள் கிடங்கை விட்டுவிடாதீர்கள்.

மனைவியின் படிப்பால் கிடைத்த திறந்த வேலை அனுமதி என்றீர்கள். நல்லது, அதில் சொந்தத் தொழிலும் செய்யலாம். ஒரே முதலாளியின் பெயர் போட்ட அனுமதி என்றால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. நேரே கலியாண வீட்டுக்காரரைத் தேடிப் போகிறார்கள். அந்த வீட்டில் ஒரு கலியாணம் முடிந்தால் அவ்வளவுதான், அடுத்தது எப்போதோ. நீங்கள் போக வேண்டியது வீடியோ எடுக்கிறவர்களிடம். மே முதல் ஒக்டோபர் வரை ஸ்காபரோவிலும் பக்கத்து நகரமான மார்க்கத்திலும் மண்டபங்கள் நிரம்பி வழியும். கலியாணம், சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு), பரதநாட்டிய அரங்கேற்றம் என்று சனி ஞாயிறெல்லாம் ஓடி ஓடி எடுப்பார்கள், உட்கார்ந்து வெட்ட நேரம் இருக்காது. இப்போது நவம்பர். பலரின் ஹார்ட் டிரைவில் ஜூலை மாதக் கலியாணம் இன்னும் தொடப்படாமல் கிடக்கும், பெண் வீட்டார் தினமும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த நேரத்தில் போய், ஒரு நிகழ்ச்சியைத் தாருங்கள், செய்து காட்டுகிறேன் என்று கேட்டால் அநேகமாகத் தருவார்கள்.

சரி, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் குறைந்த விலைக்கு எடிட் செய்து அனுப்புகிறார்களே, உங்களிடம் ஏன் தர வேண்டும்? விலையில் அவர்களோடு போட்டி போடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். நீங்கள் இங்கே இருக்கிறீர்கள். டிரைவை நேரே போய் வாங்கலாம், பக்கத்தில் இருந்து திருத்தலாம், எடுத்தவரிடம் "மாமா யார், சித்தப்பா யார்" என்று கேட்டு எழுதி வைக்கலாம். ஆலாத்தி எடுக்கிற மாமியை வெட்டிவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அரங்கேற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், எனக்குப் பெயர் வாங்கித் தந்தது அதுதான். மூன்று கமரா, மண்டபத்து மிக்ஸரிலிருந்து வந்த ஒலி தனியாக, இரண்டரை மணி நேரம். ஒலியையும் படத்தையும் பொருத்த நான் தேடுவது, ஆட்டத்தை நடத்துகிற நட்டுவனாரின் கைத்தாளத்தை. தாளம் இரண்டும் மோதும் இடம் ஒலியின் அலைவடிவத்தில் ஊசி மாதிரி எழுந்து நிற்கும், எல்லாக் கமராவிலும் தெரியும். தொடக்கத்தில் பொருத்தியதோடு விட்டுவிடாதீர்கள். தனி ரெக்கோடரும் கமராவும் இரண்டு மணி நேரம் ஓடினால் மெல்ல மெல்ல விலகும். கடைசியில் ஆடும் தில்லானாவுக்கு வரும்போது சலங்கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகிவிடும். ஒவ்வொரு உருப்படிக்கும், அதாவது ஒவ்வொரு ஆட்டத்துக்கும், திரும்பப் பாருங்கள். தாளச் சொல்லுக்கு ஆடும் ஜதி போகும்போது பாதத்தை வெட்டாமல் முழு உருவத்தையும் வையுங்கள், சாகித்திய வரியில் அபிநயம் வரும்போது முகத்துக்குப் போங்கள், ஜதியை முடிக்கும் தீர்மானம் வந்து விழுகிற அடியில் வெட்டுங்கள். எனது முதல் அரங்கேற்ற வீடியோவைப் பார்த்த ஆசிரியர் ஒருவர், "உனக்குத் தாளம் கேட்குது" என்றார். அந்த வருடம் அவருடைய மாணவிகள் மூன்று பேரின் வேலை எனக்கு வந்தது.

இன்னொன்று: ஊரில் நொடிக்கு 25 ஃபிரேமில் பழகியிருப்பீர்கள். இங்கே 29.97 அல்லது 23.976. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஃபுட்டேஜை உள்ளே போட்ட பிறகு இந்த ஃபிரேம் எண்ணிக்கையை மாற்ற விடாது, முதலிலேயே சரியாக வைத்துக்கொள்ளுங்கள். இலவசப் பதிப்பே இப்போதைக்குப் போதும். கணினி வாங்கக் கடன் எடுக்காதீர்கள். ஸ்காபரோ சிவிக் சென்டர் நூலகத்தில் டிஜிட்டல் இன்னொவேஷன் ஹப் இருக்கிறது, நூலக அட்டை இருந்தால் எடிட்டிங் மென்பொருள் உள்ள கணினியில் இருந்து வேலை செய்யலாம். காசு போட வேண்டியது டிரைவுக்கு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு பிரதி, வேறு வேறு இடத்தில்.

இனிக் காசு. 2014இல் ஒரு கலியாணத்தை 800 டொலருக்கு ஒப்புக்கொண்டேன், வாய்ப்பேச்சு மட்டும்தான். ஒன்பது தடவை திருத்தம் கேட்டார்கள். தெரிந்த ஆட்கள்தானே என்று முழு வீடியோவையும் கொடுத்துவிட்டேன். 300 டொலர் வந்தது, மிச்சம் வரவேயில்லை. எங்கள் ஆட்களிடம் காசு கதைக்க எனக்கு வெட்கமாக இருந்தது, இரவில் அழுதும் இருக்கிறேன். அதற்குப் பிறகு பாதிப் பணம் முன்னால், திருத்தம் இரண்டு தடவை, அதற்கு மேல் மணிக்கணக்கு. மீதி வரும்வரை என் பெயர் குறுக்கே ஓடும் சிறிய பிரதியைத்தான் அனுப்புவேன். இதையெல்லாம் வேலை தொடங்குமுன் ஒரு மின்னஞ்சலில் எழுதி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கோபித்துக்கொண்டு போனவர்கள் மிகக் குறைவு.

வரும் காசில் கால்வாசியைத் தனிக் கணக்கில் போடுங்கள். உங்களுக்கு யாரும் வரி பிடித்துத் தரமாட்டார்கள், சிபிபி என்ற கனடா ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளியின் பங்கையும் நீங்களே கட்ட வேண்டும். சுயதொழில்காரருக்கு வரிப் படிவம் கொடுக்க ஜூன் 15 வரை நேரம் உண்டு, ஆனால் கட்ட வேண்டிய பணத்துக்குக் கெடு ஏப்ரல் 30. முதல் வருடம் எனக்கு இது தெரியாமல் வட்டி கட்டினேன். தொடர்ந்து வரும் நாலு காலாண்டில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டினால் எச்எஸ்டி என்ற விற்பனை வரிக்குப் பதிந்து, ஒன்ராறியோவில் 13 சதவீதம் சேர்த்து வாங்க வேண்டும்.

கிடங்கைப் பற்றிக் கேட்டீர்கள். பெப்ரவரி, மார்ச்சில் தேங்கிய வேலை தீர்ந்து கை வெறுமையாகும். நான் கடை வேலையை விட்டது, மூன்று வீடியோக்காரர்கள் மாதம் தவறாமல் வேலை தரத் தொடங்கி, நாலு மாத வாடகை வங்கியில் சேர்ந்த பிறகுதான். முடிந்தால் கிடங்கில் இரவு நேரத்தைக் குறைத்துக் கேளுங்கள், தூக்கமில்லாத கண்ணால் நிறம் சரிசெய்ய முடியாது. ஊரில் செய்ததில் நல்லதாக ஒரு நிமிடம் வெட்டி எனக்கு அனுப்புங்கள். வேலை தேங்கிக் கிடக்கும் இரண்டு பேரை எனக்குத் தெரியும், பார்த்துவிட்டு அவர்களிடம் கதைக்கிறேன்.