மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களைகள்: கேள்வி பதில்

குடியாத்தம்: களைக்கொல்லி அடித்தாலும் சாகாத மக்காச்சோள விதை வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்ற ரகங்கள் அமெரிக்காவில் 1990களின் கடைசியிலிருந்தே சாகுபடியில் இருக்கின்றன. நம் நாட்டில் அவற்றுக்கு அனுமதி இல்லை. நாம் ரசீதோடு வாங்குவது சாதாரண வீரிய ஒட்டு விதைதான். அதில் கிளைபோசேட் அடித்தால் களையோடு பயிரும் போய்விடும்.

ஆனால் சாதாரண மக்காச்சோளமே சில களை மருந்துகளைத் தாங்கும். அட்ரசின் என்ற களைக்கொல்லி உள்ளே போனால் சோளம் அதைச் சிதைத்துவிடும். அகன்ற இலைக் களைகளான சாரணைக்கும் தொய்யக்கீரைக்கும் அந்தச் சக்தி இல்லை. விதைத்த மூன்று நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, லேசான மண்ணுக்கு ஏக்கருக்கு 50 சத அட்ரசின் தூள் 400 கிராமை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து அடியுங்கள். விசிறி நாசில் போட்டுப் பின்னால் நடந்துகொண்டே அடிக்க வேண்டும். அடித்த இடத்தை மிதித்தால் மருந்துப் படலம் உடையும். 16 லிட்டர் டேங்க் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று டேங்க் ஆகும். ஐந்தாறு டேங்கில் முடித்துவிட்டு மருந்து சரியில்லை என்பவர்களைப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

அணைக்கட்டு: 18 நாள் பயிர். சாரணை மூன்று இலை விட்டுவிட்டது.

இதுதான் சரியான நேரம். டெம்போட்ரையோன் 42 சத களை மருந்து ஏக்கருக்கு 115 மில்லி, கூடவே அதற்கான ஒட்டும் திரவம். களை நான்கு இலையைத் தாண்டினால் பாதிதான் கேட்கும்.

காட்பாடி: டெம்போட்ரையோன் அடித்து ஐந்து நாள் ஆயிற்று. களை வெளுத்திருக்கிறது, சாகவில்லை. சோள இலையிலும் லேசாக வெளுப்பு.

பயப்படாதீர்கள் அம்மா. அந்த மருந்து முதலில் பச்சையத்தைத்தான் அழிக்கும்; களை காய இரண்டு வாரம் ஆகும். சோளம் புது இலையில் தேறிவிடும்.

கே.வி.குப்பம்: 2,4-டி களைக்கொல்லி மலிவு, அடிக்கலாமா? பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலை) இருக்கிறது.

அப்படியானால் தொடவே தொடாதீர்கள். காற்றில் போகும் சாரல் பட்டாலே மல்லாட்டை, தக்காளி, பருத்தி எல்லாம் முறுக்கிக்கொள்ளும். வளர்ந்த சோளத்தின் குருத்தில் விழுந்தால் தண்டும் பொடுக்கென்று ஒடியும்.

ஒடுகத்தூர்: ஊடுபயிராக உளுந்து போடுகிறேன் சார்.

அட்ரசின் உளுந்தைக் கொன்றுவிடும். விதைத்த மூன்று நாளுக்குள் பெண்டிமெத்தலின் 30 சத களை மருந்து ஏக்கருக்கு ஒரு லிட்டர் அடியுங்கள். 20ஆம் நாளுக்கு மேல் கைக்களைதான். அப்புறம், களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வையுங்கள். அதே டேங்கில் உளுந்துக்குப் பூச்சி மருந்து அடிக்கக் கூடாது.