போட்டோஷாப்பில் வேகமாக வரையவும் டச்சப் செய்யவும் எந்த ஷார்ட்கட்டுகள் முக்கியம்? அவை ஏன் பாதி நேரம் வேலை செய்வதில்லை?

பெங்களூரில் கல்யாண ஆல்பம் செய்கிறீர்கள், விண்டோஸ், பென் டேப்லெட் என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் முதலில் அந்தக் கோளாறைப் பார்த்துவிடலாம்.

மணமக்கள் பெயரைத் தமிழிலோ கன்னடத்திலோ அடித்த பிறகு கீபோர்டு அந்த மொழியிலேயே நின்றுவிடும். தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில், பிரஷ் அளவை மாற்றும் சதுர அடைப்புக்குறி விசைகள் ([ ]) ச, ஞ; பிரஷை எடுக்கும் பி (B) விசை ங. அப்புறம் பிரஷ் எங்கிருந்து வரும்? விண்டோஸ் விசையோடு ஸ்பேஸை அழுத்தி ஆங்கிலத்துக்கு வாருங்கள். கேட்காமலே மொழி மாறுகிறதென்றால், இடது ஆல்ட்டும் ஷிஃப்டும்தான் காரணம். விண்டோஸில் அது மொழி மாற்றும் கூட்டு; போட்டோஷாப்பிலோ அந்த இரண்டும் சேர்ந்த ஷார்ட்கட்டுகள் ஏராளம். அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸில் இருக்கும் மொழி ஹாட்கீயை நீக்கிவிடுங்கள்.

இனி வேகம். வலக்கையில் பேனா, இடக்கை கீபோர்டில். அதனால் இடக்கைக்கு எட்டுவதை மட்டும் பழகினால் போதும். நூறு ஷார்ட்கட் பட்டியலைச் சுவரில் ஒட்டுவது வீண். பிரஷ் அளவுக்கு அடைப்புக்குறி விசைகளை எல்லாரும் சொல்வார்கள், ஆனால் அவை வலப்பக்கம் கிடக்கின்றன. ஆல்ட்டைப் பிடித்து ரைட் கிளிக்கோடு இழுங்கள்: பக்கவாட்டில் அளவு, மேலும் கீழும் இழுத்தால் ஓரத்தின் மென்மை. பேனாவின் பக்க பட்டனை ரைட் கிளிக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஷ் கையில் இருக்கும்போது ஆல்ட்டை மட்டும் பிடித்துத் தொட்டால் அந்த இடத்தின் நிறம் வரும். இ (E) விசையை அழுத்திப் பிடித்தபடி அழியுங்கள்; விட்டதும் பிரஷ் தானே திரும்பிவிடும். மாஸ்க் (லேயரின் பகுதிகளை அழிக்காமல் மறைக்கும் திரை) வேலையில் டி (D) விசை கருப்பு வெள்ளையைக் கொண்டுவரும், எக்ஸ் (X) இரண்டையும் இடம் மாற்றும். எண் விசைகள் பிரஷின் ஒபாசிட்டியை, அதாவது நிறம் எவ்வளவு அழுத்தமாக விழும் என்பதை, மாற்றும்: 3 என்றால் 30%, வேகமாக 3, 5 அடித்தால் 35%, 0 என்றால் 100%. மூவ் டூலில் இருக்கும்போது அதே எண் லேயரின் ஒபாசிட்டியை மாற்றிவிடும், கவனம். லேயர் காரணமில்லாமல் மங்கிப்போனால் பெரும்பாலும் இதுதான்.

ஆர் (R) விசையைப் பிடித்து இழுத்தால் கேன்வாஸ் சுழலும், எஸ்கேப் நேராக்கும். சுழலவில்லையா? ப்ரிஃபரன்ஸில் கிராஃபிக்ஸ் ப்ராசஸர் அணைந்திருக்கும். பிரஷ் வட்டம் மறைந்து கூட்டல் குறி தெரிந்தால் கேப்ஸ் லாக்கை அணையுங்கள்.

கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் வரைவதானால் பிரஷ் அளவுக்கு ஷிஃப்ட் பிடித்து இழுக்க வேண்டும், நிறமெடுக்க கன்ட்ரோல். போட்டோஷாப் பழக்கத்துக்கு ஏற்ற ஷார்ட்கட் தொகுப்பும் அதன் செட்டிங்ஸிலேயே இருக்கிறது.